போர்வெல் கம்ப்ரசரைச் சூட்டிலிருந்து காப்பது எப்படி?



இந்த முறை பயிற்சிப் பக்கத்தில் ஆடு, மாடு, வரவு செலவு எதுவும் இல்லை. ஒரு மெஷினைப் பற்றிப் பேசப் போகிறோம். "மெஷின் சமாச்சாரம் நமக்கு எதுக்கு, அதை வீட்டுக்காரர் பார்த்துக்குவார்" என்று பக்கத்தைத் திருப்பி விடாதீர்கள். போருக்குக் கம்ப்ரசர் வாங்கவும், இருக்கிற கம்ப்ரசரைப் பழுது பார்க்கவும் கடன் எடுத்தவர்கள் நம் குழுக்களில் இருக்கிறார்கள். கடன் பத்திரத்தில் கையெழுத்து நம்முடையது. விடியற்காலையில் கரண்ட் வந்ததும் ஓடிப்போய் சுவிட்ச் போடுவதும் பெரும்பாலும் நாம்தான். ஆனால் மெக்கானிக் வந்தால் மட்டும் டீ போடப் போய்விடுகிறோம்.

பாலக்கோடு பக்கம் ஒரு குழு. அதில் ஒரு அக்கா மூன்று மாதம் தவணை கட்டவில்லை. கூட்டத்தில் ஒரே சத்தம். விசாரித்தால், கம்ப்ரசர் ஜாம் ஆகிவிட்டது, தண்ணீர் இல்லாமல் தக்காளி காய்ந்துவிட்டது, பணம் வரவில்லை. முதலில் வந்து பார்த்த மெக்கானிக், "ஆயில் இல்லாம ஓட்டிட்டீங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அன்றிலிருந்து வீட்டில் எல்லோரும் அந்த அக்காவைத்தான் குற்றம் சொன்னார்கள். "நான் தினமும் கண்ணாடியில ஆயிலப் பார்த்துட்டுத்தான் மேடம் சுவிட்ச் போடுவேன், என் புள்ளைங்க மேல சத்தியம்" என்று அழுதார்.

வேறொரு மெக்கானிக்கை அழைத்து வந்தோம். பிரித்துப் பார்த்தார். ஆயில் இருந்தது. கறுத்துப் போயிருந்தது, ஆனால் இருந்தது. பிஸ்டன் சூட்டில் விரிந்து சிலிண்டரோடு பிடித்துக்கொண்டிருந்தது. அவர் கேட்ட முதல் கேள்வி: "பிளைவீல் எந்தப் பக்கமா சுத்திட்டு இருந்துச்சு?"

அங்கே நின்ற ஆண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அந்த அக்காதான் பதில் சொன்னார். "எந்தப் பக்கம்னு தெரியலண்ணா. ஆனா முன்னாடியெல்லாம் நான் வாசல்ல நின்னா சூடா காத்து என் மேல அடிக்கும். கம்பத்துல லைன் வேலை பார்த்துட்டுப் போன பிறகு அடிக்கல. பின்னாடி செவுத்துல மாட்டியிருந்த கோணிதான் படபடன்னு ஆடிட்டு இருந்துச்சு."

மெக்கானிக் பிளைவீல் மேலிருந்த அழுக்கைத் துணியால் துடைத்தார். உள்ளே ஒரு அம்புக்குறி. லைன் வேலையில் வயர் மாறி, மோட்டார் அந்த அம்புக்கு எதிராகச் சுற்றியிருக்கிறது. தண்ணீர் வழக்கம்போல வந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. காற்று மட்டும் சிலிண்டர் மேல் அடிக்காமல் சுவர்ப் பக்கம் போயிருக்கிறது. பதினைந்து நாள் அப்படியே ஓடி, ஒரு மத்தியானம் நின்றுவிட்டது.

அந்த அக்கா கவனித்திருந்தார். அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. அவரிடம் யாரும் கேட்கவும் இல்லை. அதனால்தான் இந்தப் பாடம்.

நம் மாவட்டத்தில் ஏன் இத்தனை கம்ப்ரசர்?

தருமபுரி பாறை பூமி. தண்ணீர் மண்ணில் ஊறி நிற்பதில்லை, பாறை வெடிப்புகளில் கசிந்து வருகிறது. அறுநூறு, எழுநூறு அடி போட்டாலும் சில போரில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஊறும். அப்படிப்பட்ட போரில் சப்மெர்சிபிள் மோட்டாரை இறக்கினால் தண்ணீர் தீர்ந்து வறண்டு ஓடி காயில் போய்விடும். மணல் வந்தாலும் கெட்டுவிடும். கம்ப்ரசர் முறையில் போருக்குள் ஓடும் பாகம் எதுவும் கிடையாது. இரண்டு குழாய் மட்டும் இறங்குகிறது. மெஷின் மேலே, நம் கண் முன்னால் இருக்கிறது. குறைந்த ஊற்றுக்கு அது ஏற்றது.

இதற்குக் கரண்ட் கூடுதலாக இழுக்கும் என்பது உண்மை. 1990 முதல் தமிழ்நாட்டில் விவசாயப் பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசம் என்பதால் அந்த நஷ்டம் நம் கைக்குத் தெரிவதில்லை. ஆனால் மெஷின் தேய்மானத்தை அரசாங்கம் கட்டுவதில்லை, நாம்தான் கட்டுகிறோம்.

தண்ணீர் எப்படி மேலே வருகிறது? பால் பொங்குவதை நினைத்துக் கொள்ளுங்கள். அதே பால்தான், நுரை சேர்ந்ததும் லேசாகி விளிம்பு தாண்டி வழிகிறது. போரிலும் அதுதான். ஒரு குழாய் வழியாக அடியில் காற்றை விடுகிறோம். காற்றுக்குமிழ் கலந்த தண்ணீர் லேசாகிவிடும். சுற்றியிருக்கிற கனமான தண்ணீர் அதை இன்னொரு குழாய் வழியாக மேலே தள்ளிவிடும். இது புது விஷயம் இல்லை. 1797-லேயே ஜெர்மனியில் கார்ல் லோஷர் என்பவர் இந்த முறையைக் கண்டுபிடித்தார் என்று சொல்வார்கள்.

(போர் போட வரும் திருச்செங்கோட்டு வண்டியிலும் கம்ப்ரசர் இருக்கிறது. அது பாறையைக் குடைந்து தூளை வெளியே ஊதுகிற பெரிய மெஷின், அழுத்தமும் பல மடங்கு அதிகம். பெயர் ஒன்றுதான். நாம் பேசுவது மோட்டார் ரூமில் இருக்கும் நம் சின்ன மெஷினைப் பற்றி.)

காற்றை அடித்தால் ஏன் சூடாகிறது?

சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பைப் பிடித்துப் பார்த்திருப்பீர்கள். நாலு அடி அடித்ததும் அடிப்பக்கம் சுடும். அது உரசல் சூடு மட்டும் இல்லை. காற்றை நெருக்கினாலே சூடாகும், அது இயற்கை. நம் கம்ப்ரசர் வெளிக்காற்றை எட்டில் ஒரு பங்கு இடத்துக்குள் அடக்கும் அளவுக்கு அழுத்துகிறது என்று வையுங்கள். கேஜில் அது சுமார் 7 கிலோ. இதை ஒரே சிலிண்டரில் ஒரே அடியாகச் செய்தால், கணக்குப்படி காற்றின் சூடு 250 டிகிரியைத் தாண்டும். தண்ணீர் கொதிப்பது 100 டிகிரியில் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

அதனால்தான் பெரும்பாலான மெஷினில் ஒரு பெரிய சிலிண்டர், ஒரு சின்ன சிலிண்டர் என்று இரண்டு இருக்கும். பெரியது பாதி வேலையைச் செய்யும். அந்தக் காற்று செதில் செதிலாக இருக்கும் ஒரு குழாய் வழியாகப் போய் ஆறும். ஆறிய காற்றைச் சின்ன சிலிண்டர் மீதி அழுத்தும். நடுவில் நன்றாக ஆறினால் ஒவ்வொரு சிலிண்டரிலும் சூடு 140 டிகிரி பக்கத்தில் நின்றுவிடும். நடுவில் ஆறவில்லை என்றால் இரண்டு சிலிண்டர் இருந்தும் பயனில்லை. அந்தச் செதில் குழாய்க்கு இன்டர்கூலர் என்று பெயர். மெக்கானிக்கிடம் இந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள், உங்களிடம் பேசும் விதமே மாறும்.

மெஷினின் சூட்டை வெளியே எடுத்துப் போவது காற்றுதான். பிளைவீலின் ஆரங்கள் விசிறி இறக்கை மாதிரி சாய்வாக இருப்பதைப் பாருங்கள். அது அழகுக்கு இல்லை.

மோட்டார் ரூமில் நாம் செய்யும் தவறுகள்

நான் போகிற ஊர்களில் மோட்டார் ரூமைப் பார்த்தால் பாதி இடங்களில் மெஷினைச் சுவரோடு ஒட்டி வைத்திருக்கிறார்கள். மேலே தகர ஷீட்டு, ஒரே ஒரு சின்ன கதவு. மீதி இடத்தில் உரமூட்டை, காலி கிரேடு, பழைய ஓஸ். விசிறி காற்றை எங்கிருந்து இழுக்கும்? தான் சூடாக்கி விட்ட காற்றையே திரும்பத் திரும்ப இழுத்துக்கொண்டிருக்கும். சித்திரை வெயிலில் அந்த அறைக்குள் நம்மால் ஐந்து நிமிஷம் நிற்க முடியாது. மெஷின் ஆறு மணி நேரம் நிற்கிறது.

பிளைவீல் பக்கம் சுவருக்கும் மெஷினுக்கும் குறைந்தது இரண்டு அடி இடம் விடுங்கள். எதிரெதிராக இரண்டு சன்னல் திறப்பு வேண்டும். தகரத்துக்கு மேல் தென்னங்கீற்று போட்டாலே வித்தியாசம் தெரியும். மூட்டைகளை வெளியே எடுங்கள், எலி வந்து வயரைக் கடிப்பதும் குறையும். மெஷின் உள்ளே இழுக்கிற காற்றும் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். அந்தக் காற்றின் சூடு 4 டிகிரி கூடினால் அதே வேலைக்கு மின்சாரச் செலவு 1 சதவீதம் கூடும் என்று மத்திய அரசின் எரிசக்தித் திறன் துறையின் பயிற்சிப் புத்தகம் சொல்கிறது. மின்சாரம் இலவசம் என்றாலும், கூடுதலாக இழுத்த கரண்டில் ஒரு பகுதி மோட்டாருக்குள் சூடாகத்தான் சேரும்.

ஈரச்சாக்கு விஷயத்துக்கு வருகிறேன். மெஷின் தலை கொதிக்கிறது என்று ஈரக்கோணியைப் போர்த்துகிறோம். நல்லெண்ணத்தில் செய்வதுதான். ஆனால் அந்தச் செதில்களுக்கு நடுவே காற்று ஓடத்தான் இடைவெளி விட்டிருக்கிறார்கள். கோணி காய்ந்த பிறகு அது கம்பளி போர்த்தின மாதிரி. அதைவிட மோசம், ஓடிக்கொண்டிருக்கும்போது செம்பில் மொண்டு தண்ணீர் ஊற்றுவது. கொதிக்கும் இரும்பில் பச்சைத் தண்ணீர் பட்டால் விரிசல் விடும். ஹெட் போய்விட்டால் அது பெரிய செலவு. தலையைச் சுற்றித் தண்ணீர் ஓடும்படியே செய்யப்பட்ட மெஷின்களும் உண்டு, அது வேறு. அந்த மெஷின் வைத்திருப்பவர்கள் வேறு ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் ஊர் உப்புத் தண்ணீர் வெந்நீர்ப் பானையில் எப்படி வெள்ளையாகப் படிகிறதோ, அப்படியே அந்த வழியிலும் படியும். தண்ணீர் வெளியே வரும் வேகம் குறைந்தால் அடைப்பு என்று அர்த்தம், மெக்கானிக்கைக் கூப்பிட்டுச் சுத்தம் செய்ய வேண்டும்.

செதில்களில் தூசியும் ஆயிலும் சேர்ந்து களி மாதிரி ஒட்டிக்கொள்ளும். வாரம் ஒரு முறை, மெஷின் முழுசாக ஆறிய பிறகு, மெயினை அணைத்துவிட்டுப் பழைய பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள். அடுப்புக் கரி தேய்க்கும் நமக்கு இது பெரிய வேலை இல்லை.

சுற்றும் பக்கத்தைப் பற்றி முதலிலேயே சொன்னேன். பிளைவீல் மேலோ பெல்ட் மூடி மேலோ அம்புக்குறி இருக்கும். இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து, சிவப்புப் பெயிண்டால் பெரிதாக எழுதி வையுங்கள். கம்பத்தில் வேலை நடந்தாலோ, மோட்டாரைக் கழற்றிக் காயில் கட்டி மாட்டினாலோ, ஸ்டார்ட்டரில் வயர் மாற்றினாலோ, முதல் முறை போடும்போது அம்பைப் பாருங்கள். எதிராகச் சுற்றினால் உடனே நிறுத்துங்கள். மூன்று வயரில் இரண்டை மாற்றிக் கொடுத்தால் சரியாகிவிடும். அதை எலக்ட்ரீஷியன் செய்யட்டும், நாம் கை வைக்க வேண்டாம். வயர் மாறினால் மோட்டாரை ஓடவே விடாத பிரிவெண்டர்களும் கடையில் இருக்கின்றன. புதிதாக வாங்குபவர்கள் அதைக் கேட்டு வாங்குங்கள்.

ஏர் பில்டர் தூசி அடைத்தால் மெஷினுக்கு மூச்சுத் திணறும், சூடும் ஏறும். வாரம் ஒரு தடவை கழற்றித் தட்டுங்கள். நுரைப்பஞ்சு பில்டராக இருந்தால் சோப்புத் தண்ணீரில் அலசி, நிழலில் நன்றாகக் காய வைத்து மாட்டலாம். காகித பில்டரைக் கழுவக் கூடாது. எதுவாக இருந்தாலும் பெட்ரோல், மண்ணெண்ணெயில் கழுவவே கூடாது. அந்த ஆவி சூடான சிலிண்டருக்குள் போனால் தீப்பிடித்து வெடிக்கலாம்.

கேஜ் சொல்லும் கணக்கு

இந்தப் பாடத்தில் எனக்குப் பிடித்த பகுதி இதுதான். கேஜ் என்பது மெஷினுக்கு மட்டும் என்று நினைக்கிறோம். அது நம் போரில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்றும் சொல்லும்.

33 அடி உயரத் தண்ணீர் நின்றால் அதன் அழுத்தம் ஏறத்தாழ 1 கிலோ. இதை மட்டும் மனப்பாடம் செய்யுங்கள். காற்றுக் குழாயின் நுனி தண்ணீருக்குள் எவ்வளவு ஆழத்தில் முழுகி இருக்கிறதோ, அந்தத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டுதான் காற்று வெளியே வர முடியும். கேஜ் முள் காட்டுவது அந்தப் பாரம்தான்.

உங்கள் காற்றுக் குழாய் 600 அடி இறங்கியிருக்கிறது என்று வையுங்கள். போட்டதும் முள் 6 கிலோவுக்கு ஏறுகிறது. 6 பெருக்கல் 33, கிட்டத்தட்ட 200 அடி. அப்படியானால் குழாய் நுனிக்கு மேலே 200 அடித் தண்ணீர் நிற்கிறது, தண்ணீர் மட்டம் தரையிலிருந்து 400 அடியில் இருக்கிறது. ஒரு மணி நேரம் கழித்து முள் 3-க்கு இறங்கினால், 100 அடிதான் மிச்சம், மட்டம் 500 அடிக்குப் போய்விட்டது. குழாய்க்குள் உரசல் இருப்பதால் முள் கொஞ்சம் கூடத்தான் காட்டும், துல்லியமாக இருக்காது. ஆனாலும் கயிறு விட்டுப் பார்க்காமல் வீட்டுக் கணக்குக்கு இது போதும்.

குழாய் நீளத்தில் மூன்றில் ஒரு பங்காவது முழுகி இருந்தால்தான் தண்ணீர் ஓரளவு நன்றாக ஏறும். பாதி முழுகியிருந்தால் ரொம்ப நல்லது. அதற்கும் கீழே போகப் போக, தண்ணீர் விட்டு விட்டுத் துப்பும், இடையில் வெறும் காற்று சீறும். அப்போதும் நாம் விடுவதில்லை. "கரண்ட் இருக்கற வரைக்கும் ஓடட்டும்" என்று விட்டுவிடுகிறோம். இரண்டு குடம் தண்ணீருக்காக இரண்டு மணி நேரம் மெஷின் தேய்கிறது. துப்ப ஆரம்பித்ததும் நிறுத்துங்கள். ஒரு மணி நேரம் ஊற விடுங்கள். போரும் ஊறும், மெஷினும் ஆறும். மொத்தத் தண்ணீர் பெரிதாகக் குறையாது என்பதை ஒரு வாரம் தொட்டியில் அளந்து நீங்களே பாருங்கள்.

ஆட்டோ ஸ்டார்ட்டர் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும். ராத்திரி ஒரு மணிக்குக் கரண்ட் வருகிறது, மெஷின் தானாக ஓட ஆரம்பிக்கிறது, யாரும் இல்லை. தண்ணீர் தீர்ந்த பிறகும் விடியும் வரை ஓடுகிறது. தூக்கம் கெடாமல் இருக்க வாங்கினோம், சரி. அதோடு நேரம் வைத்து நிறுத்தும் டைமரும் சேர்த்து மாட்டுங்கள்.

மழைக்காலத்துக்கு நேர் எதிரான ஒரு தொல்லை உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை பெய்து போரில் தண்ணீர் மேலே வந்துவிட்டது என்று வையுங்கள். அதே குழாய்க்கு மேல் இப்போது 300 அடித் தண்ணீர். அதைத் தள்ள 9 கிலோ வேண்டும். மெஷின் திணறும், மோட்டார் முக்கும், சேப்டி வால்வு சீறித் திறந்துகொள்ளும். தண்ணீர் நிறைய இருந்தும் தண்ணீர் வராது! அப்போதுதான் யாராவது ஒரு கெட்டிக்காரர் சேப்டி வால்வைக் கம்பியால் கட்டிவிடுவார், அல்லது ஆணி செருகுவார். சகோதரிகளே, அதை மட்டும் அனுமதிக்காதீர்கள். குக்கரில் வெயிட்டின் மேல் கல்லை வைப்பதும் இதுவும் ஒன்று. டேங்க் வெடித்தால் மோட்டார் ரூம் இருக்காது, பக்கத்தில் இருப்பவரும் இருக்க மாட்டார். அந்தக் காலத்தில் காற்றுக் குழாயை நூறு அடி மேலே தூக்க வேண்டும், அவ்வளவுதான். தூக்குகிற கூலியைப் பார்த்தால் வேலை நடக்காது.

ஆயில், கரி, வால்வு

ஆயிலைக் காலையில் போடுவதற்கு முன், மெஷின் நின்றிருக்கும்போது பாருங்கள். கண்ணாடியில் நடுப்புள்ளி வரை இருக்க வேண்டும். குறைந்தால் தேயும். அதிகமாக ஊற்றினால் காற்றோடு கலந்து போய்விடும், அதுவும் கெடுதல். பால் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது, உடனே மாற்ற வேண்டும்.

என்ன ஆயில் என்பதில்தான் ஏமாறுகிறோம். டிராக்டரில் வடித்த பழைய ஆயிலை "வீணா போகுதே" என்று ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். கம்ப்ரசருக்கென்று தனி ஆயில் இருக்கிறது. மெஷின் புத்தகத்தில் எண் போட்டிருக்கும், அதையே வாங்குங்கள். கண்ட ஆயிலை ஊற்றினால் அந்தச் சூட்டில் வறுபட்டுக் கரியாகி, காற்று வெளியேறும் வால்வில் ஒட்டிக்கொள்ளும். வால்வு முழுசாக மூடாது. மூடாததால் சூடான காற்று திரும்ப உள்ளே வரும், அதையே மறுபடி அழுத்தும், சூடு மேலும் ஏறும், மேலும் கரி பிடிக்கும். வட்டிக்கு வட்டி ஏறுகிற கந்துவட்டி மாதிரிதான் இது. கரி அதிகம் சேர்ந்த குழாயில் தீப்பிடித்ததும் உலகத்தில் நடந்திருக்கிறது.

எத்தனை நாளுக்கு ஒரு முறை மாற்றுவது? புத்தகத்தில் மணிக்கணக்கில் இருக்கும். 500 மணி நேரம் என்று போட்டிருந்தால், தினம் 6 மணி நேரம் ஓட்டுபவருக்கு 83 நாள். அதாவது மூன்று மாதம்கூட இல்லை. "போன பொங்கலுக்கு மாத்தினது" என்று சொல்பவர்களை நினைத்துத்தான் இந்தக் கணக்கைப் போட்டேன். புது மெஷினுக்கு முதல் ஆயிலை இதைவிடச் சீக்கிரம் மாற்ற வேண்டும்.

வால்வு கெட்டதை வெளியிலிருந்தே கண்டுபிடிக்கலாம். பில்டர் வழியாகக் காற்று உள்ளே போவதற்குப் பதில் புஸ் புஸ் என்று வெளியே அடித்தால் பெரிய சிலிண்டரின் வால்வில் கோளாறு. இன்டர்கூலரில் இருக்கும் சின்ன சேப்டி வால்வு சீறினால் சின்ன சிலிண்டரின் வால்வு கசிகிறது. மெக்கானிக்கிடம் போனில் இதைச் சொன்னால் அவர் சரியான சாமானோடு வருவார்.

போடும்போதும் நிறுத்தும்போதும் ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். ரிலீஸ் வால்வைத் திறந்து வைத்துச் சுவிட்ச் போடுங்கள், மோட்டார் வேகம் பிடித்ததும் மூடுங்கள். நிறுத்துவதற்கு முன் திறந்துவிட்டு இரண்டு மூன்று நிமிஷம் சும்மா ஓட விடுங்கள். பாரம் இல்லாமல் விசிறி மட்டும் வேலை செய்து மெஷினை ஆற்றும். டேங்க் இருந்தால் அடியில் இருக்கும் திருகைத் திறந்து தினமும் தண்ணீரை வடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் உள்ளேயே துருப்பிடிக்கும்.

மெஷினிலிருந்து கிளம்பும் காற்றுக் குழாய் முதல் இருபது அடியாவது இரும்பாக இருக்கட்டும். பிளாஸ்டிக் ஓஸை நேராக மாட்டினால் சூட்டில் இளகி, ஒரு நாள் பிய்த்துக்கொண்டு பாம்பு மாதிரி அடிக்கும்.

சேலையும் பெல்டும்

பெல்ட் மூடியை "ஆயில் பார்க்க இடைஞ்சலா இருக்கு" என்று கழற்றி மூலையில் சாத்தி வைத்திருப்பார்கள். ஆண்களுக்கு அது இடைஞ்சல், நமக்கு அதுதான் உயிர். முந்தானையோ துப்பட்டாவோ அவிழ்ந்த பின்னலோ அதில் சிக்கினால் இழுத்து நிறுத்த எந்த மனிதராலும் முடியாது. மூடி இல்லாத மெஷினை நான் போட மாட்டேன் என்று சொல்லுங்கள். இதில் வெட்கமோ பயமோ வேண்டாம். பெல்டின் நடுவில் கட்டை விரலால் அழுத்திப் பார்ப்பது எல்லாம் மெயினை அணைத்த பிறகுதான். அரை அங்குலம் இறங்கினால் சரி.

பிள்ளைகள் காற்றுக் குழாயை ஒருவர் மேல் ஒருவர் பிடித்து விளையாடக் கூடாது. காற்று உடம்புக்குள் போனால் குடல் கிழியும், உயிருக்கு ஆபத்து.

இன்னொன்று, குடிதண்ணீர். கம்ப்ரசர் தண்ணீரில் ஆயில் வாசனை வருகிறது என்றால், தேய்ந்த ரிங் வழியாக ஆயில் காற்றோடு போருக்குள் போகிறது. செடிக்குப் பாய்ச்சும் தண்ணீர் அது, குடிக்க வேண்டாம். ஏற்கெனவே நம் மாவட்டத்து ஆழ்போர் தண்ணீரில் புளோரைடு தொல்லை. அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது, 2013-ல் தொடங்கி வைக்கப்பட்டது. குடிக்கவும் சமைக்கவும் அந்தத் தண்ணீரையே பிடித்து வையுங்கள்.

மெஷின் நோட்டு

1989-ல் ஐஃபாட் என்கிற சர்வதேச வேளாண்மை வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தமிழ்நாட்டிலேயே முதன் முதலாக மகளிர் குழுக்கள் தொடங்கியது நம் பழைய தருமபுரி மாவட்டத்தில்தான். அன்றிலிருந்து நாம் நன்றாகக் கற்றுக்கொண்ட ஒன்று, நோட்டு எழுதுவது. தீர்மான நோட்டு, சேமிப்பு நோட்டு, கடன் நோட்டு எல்லாம் எழுதுகிற நாம், நம் கடனில் வாங்கிய மெஷினுக்கு ஒரு நோட்டு போடுவதில்லை. நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். தேதி, போட்ட நேரம், நிறுத்திய நேரம், போட்டதும் கேஜ், நிறுத்தும்போது கேஜ், ஆயில் ஊற்றினால் அது. எழுதத் தெரியாதவர்கள் பிள்ளையை விட்டு எழுதச் சொல்லலாம்.

அதோடு கையும் மூக்கும். ஆயில் இருக்கும் கீழ்ப்பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்து ஐந்து எண்ணும் வரை தாங்க முடிந்தால் பயமில்லை. தாங்காவிட்டால் நிறுத்தி ஆற விட்டு, காரணம் தேடுங்கள். மேலே இருக்கும் ஹெட்டையும் அதிலிருந்து வரும் குழாயையும் தொடவே கூடாது, கை வெந்துவிடும்.

பாலக்கோட்டு அக்காவின் மெஷினுக்கு பிஸ்டன், ரிங் மாற்றி ஓட்டினார்கள். குழு கூடிப் பேசி, தவணையைக் குறைத்து மாதத்தை நீட்டிக் கொடுத்தது. இப்போது மோட்டார் ரூமில் சன்னல் இரண்டு, சிவப்பு அம்பு ஒன்று. கோணியும் அதே ஆணியில்தான் மாட்டியிருக்கிறது, அது ஆடாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கதவைச் சாத்துகிறார். போன மாசியில் நான் போனபோது நோட்டை எடுத்து வந்து காட்டினார். தை முதல் வாரத்தில் கேஜ் 6-ல் தொடங்கி ஒன்றரை மணி நேரத்தில் 3-க்கு வந்திருக்கிறது. மாசியில் 5-ல் தொடங்கி நாற்பது நிமிஷத்தில் 2. அதைப் பார்த்துவிட்டு, அரை ஏக்கர் நட நினைத்திருந்த தக்காளியைக் கால் ஏக்கரோடு நிறுத்திக்கொண்டார். மீதிக் கால் ஏக்கரில் கொள்ளு விதைத்திருந்தார்.